லிசார்தோ செத்த வியாழக்கிழமை

எமெரிடா கியாலா முதல் நாள் மேடையேறி, நாவலில் ஒரு பக்கம் வாசித்து முடித்ததும், புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பி இடமிருந்து வலமாக மெதுவாகக் காட்டினாள். நூற்று இருபத்தாறு பேர் உட்கார்ந்து சுருட்டு சுற்றும் கூடம் அது. அந்தப் பக்கத்தில் படமும் கிடையாது, வெறும் பொடி எழுத்து. காட்டி முடித்துவிட்டு, "இப்போ லெயொனோர் எங்க போவா, சொல்லுங்க பாப்போம்?" என்று வேறு கேட்டாள்.

"மாமியார் வீட்டுக்கு!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்கள் சிரித்தது வேடிக்கைக்கு. நான் சிரித்தது வயிற்றெரிச்சலில். அந்த மேடையில் என் நாத்தனார் டிக்னா உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் பட்டறையில், நாங்கள் சுற்றும்போது கேட்க உரக்க வாசிக்கிற வாசிப்புக்காரியைத் தேர்ந்தெடுப்பது முதலாளியோ மேனேஜரோ இல்லை, சுற்றுகிற நாங்கள்தான். டிக்னாவும் எமெரிடாவும் ஆளுக்கு மூன்று நாள் வாசித்துக் காட்டினார்கள். டிக்னா நாலு வாக்கில் தோற்றாள். அந்த மூன்று நாளும் அவளுக்கு மூக்குச்சளி என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன், யாரும் நம்பவில்லை.

ஆனால் ஜெயித்தவளுக்கும் வேலை உடனே நிரந்தரம் ஆகிவிடாது. மூன்று மாதம் வாசிக்க வேண்டும், பிறகு இன்னொரு வாக்கு. அதில் விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த மூன்று மாதத்தில் இவள் எப்போது சறுக்குவாள் என்று நான் கொக்கு மாதிரி காத்திருந்தேன்.

எமெரிடாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. புருஷன் கிடையாது. ஒரு மகள், பள்ளிக்கூடப் படிப்புக்காக வெளியூரில் தங்கியிருந்தாள். எங்கள் ஊர் நூலகத்தில் குழந்தைகள் மூலையில் பதினாறு வருஷம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தவள். அதுவும் என்ன? கொட்டை எழுத்தில், பக்கத்துக்கு நாலு வரி, மேலே ஒரு படம் போட்ட சரித்திரப் புத்தகங்கள். கொலம்பஸ் வந்தான், கரும்பு வந்தது, கப்பல் வந்தது, சண்டை வந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகளை அரை மணி நேரம் அசையாமல் உட்கார வைக்கிறவளுக்கு சுருட்டு சுற்றுகிறவர்கள் எம்மாத்திரம் என்று நினைத்து விண்ணப்பம் போட்டாளாம். அந்தத் தைரியம்தான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது. பிற்பாடு பிடித்ததும் அதுவேதான்.

காலையில் பேப்பர். சாப்பாட்டுக்குப் பிறகு, அரிசியும் கறுப்பு பீன்ஸும் வயிற்றில் உட்கார்ந்து கண்ணைச் சொக்கும் நேரத்தில், நாவல். அந்த வருஷம் நாங்கள் வாக்குப் போட்டு எடுத்தது ஹவானாவை ஆங்கிலேயர் முற்றுகையிட்ட காலத்துக் காதல் கதை. லெயொனோர் பிரபு வீட்டுப் பெண். லிசார்தோ கோட்டைச் சுவரின் மூலையில் பீரங்கிப் படைத் தலைவன், தச்சன் மகன். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் அப்பன், அவனுக்குப் பின்னால் இருநூறு ஆங்கிலேயக் கப்பல்.

எமெரிடா வாசிக்கும்போது லிசார்தோவுக்கு ஒரு குரல் வரும். ஆம்பிளைக் குரல் என்று தொண்டையைக் கட்டைப்படுத்த மாட்டாள். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லையும் மேஜைமேல் வைக்கிற மாதிரி வைப்பாள். ஒரு நாள் அவன் லெயொனோரின் கையைப் பிடித்து, "நீ கோபப்படும்போதும் உன் பக்கத்திலேயே நிற்க எனக்கு அனுமதி வேண்டும்" என்றான். என் புருஷன் ரமோன் இருபது வருஷத்தில் சொல்லாததை இவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். அன்றைக்கு நான் சுற்றியதில் ஆறு சுருட்டு கோணல். சோதனை மேஜையிலிருந்து திரும்பி வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவன்மேல் எனக்குப் பைத்தியம்.

எனக்கு மட்டும் இல்லை. பக்கத்து மேஜை மாரேலிஸுக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளை பையனாக இருந்தால் லிசார்தோதான் என்று கூடத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டாள். பிள்ளையின் அப்பனைக் கேட்கவில்லை.

முற்றுகை தொடங்கியதும் சண்டை எங்களுக்குள் வந்தது. எவெலியோ எங்கள் வாசிப்புக் குழுவின் தலைவர், அறுபது வயது, அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"இங்கிலீஷ்காரனாவது, ஹவானாவைப் பிடிக்கிறதாவது! கதை எழுதுறவன் அளந்து விட்டிருக்கான்."

"பதினோரு மாசம் ஊரையே ஆண்டிருக்கான் அண்ணே. பள்ளிக்கூடம் போன நாள்ல எங்க பாத்துட்டிருந்தீங்க?" என்றேன்.

"உங்கம்மாவைத்தான் பாத்துட்டிருந்தேன். உன்னை மாதிரி இல்ல, அவங்க அழகு."

மறுநாள் எமெரிடா கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். அட்டை ஓரம் பிள்ளைகள் கடித்துக் கடித்து நைந்திருந்தது. நாவலுக்கு முன்னால் இதில் பத்து நிமிஷம் வாசிக்கிறேன் என்றாள். எவெலியோவின் முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு மூணு பேரப்பிள்ளைங்க இருக்கு. எனக்கே குழந்தை புஸ்தகமா?"

"பேரப்பிள்ளைங்களுக்குத் தெரியும் அண்ணே. உங்களுக்குத்தான் தெரியலை" என்றாள் எமெரிடா. சிரிக்காமல் சொன்னாள்.

வாசித்தாள். "ஆங்கிலேயர் கப்பல்களில் வந்தார்கள். கோட்டை உயரமாக இருந்தது. ஆகவே அவர்கள் சுவரின் அடியில் சுரங்கம் தோண்டினார்கள். வெடிமருந்து வைத்தார்கள். சுவர் உடைந்தது. அந்த மூலையில் காவல் நின்ற வீரர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை." பிறகு பழக்கதோஷத்தில் படத்தை எங்கள் பக்கம் திருப்பி, இடமிருந்து வலமாகக் காட்டினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

நன்றாக இருந்தது. கத்தியைத் தட்டினோம். புகையிலை நறுக்க எங்களிடம் பிடியில்லாத வளைந்த கத்தி ஒன்று உண்டு. வாசித்தது பிடித்தால் அதைப் பலகையில் தட்டுவோம். நூறு கத்தி ஒன்றாகத் தட்டினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவோம். அதற்கு மேல் அவமானம் எங்கள் தொழிலில் இல்லை. அன்றைக்கு எவெலியோகூடத் தட்டினார்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. வாக்கு ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய திங்கட்கிழமை எவெலியோவுக்கு என்ன தோன்றியதோ, குழுத் தலைவர் என்கிற உரிமையில் நாவலை வாங்கி முன்னால் புரட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் வியர்த்துப்போய் எமெரிடாவிடம் போனார். இதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"வியாழக்கிழமை பக்கத்தைப் பாத்தியாம்மா?"

"வீட்டிலேயே வாசிச்சுப் பாத்துட்டுத்தான் வர்றேன் அண்ணே. பாத்துட்டேன்."

"ரெண்டு நாளைக்குச் சமையல் குறிப்பு வாசி. பேஸ்பால் வாசி. வாக்கு முடியட்டும், திங்கக்கிழமை அவனைச் சாகடி. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"பக்கம் என்னைக்கு வருதோ அன்னைக்கு வாசிப்பேன். சின்னப் பிள்ளைங்ககிட்டகூட நான் கதையில வர்ற ஓநாயை ஒளிச்சு வெச்சதில்ல. நீங்க வளந்தவங்க."

"பிள்ளைங்க வாக்குப் போடாது, தாயி" என்றாராம் எவெலியோ.

வியாழக்கிழமை வந்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். லிசார்தோ கோட்டைச் சுவரின் மூலையில் நின்றுகொண்டு லெயொனோருக்குக் கடிதம் எழுதுகிறான். மை தீர்ந்துவிடுகிறது. காலடியில் தரை லேசாக அதிர்கிறது. பீரங்கி என்று நினைக்கிறான். எமெரிடாவின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. சுவர் வெடித்தது. புகை அடங்கியபோது, கடிதம் மட்டும் கடல் பக்கம் பறந்துபோனது.

முதல் கத்தியைத் தரையில் போட்டவள் நான். டிக்னாவுக்காகப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். லிசார்தோவுக்காகத்தான் போட்டேன். எனக்குப் பின்னால் கத்திகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்து, பிறகு மொத்தமாக விழுந்தன. காது கிழிந்தது. மாரேலிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

எமெரிடா கடைசிக் கத்தி விழும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம் விட்ட இடத்திலிருந்து மீதி அரைப் பக்கத்தையும் வாசித்து முடித்து, விரலை அடையாளமாக வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

"மாத்திப் படிங்க!" என்று கத்தினேன். "அவன் உயிரோட இருக்கான்னு படிங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"படிக்கலாம். ஒரு நிமிஷ வேலை" என்றாள். "ஆனா சோய்லா, நாளைக்குக் காலைல நான் பேப்பர் வாசிப்பேன். அதுல எதை மாத்தினேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பரை மாத்தினா நல்லாத்தான் இருக்கும்" என்று பின்வரிசைக்காரன் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

எமெரிடா கைப்பையைத் திறந்து அந்தக் கடிபட்ட புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டி, படத்தை எங்கள் பக்கம் திருப்பி, இடமிருந்து வலமாக, வழக்கத்தைவிட மெதுவாகக் காட்டினாள். உடைந்த சுவர். அதிலிருந்து விழுகிற சின்னச் சின்ன நீலச் சட்டைக்காரர்கள்.

"மூணு வாரம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை இதை வாசிச்சேன். அந்த மூலையில நின்னவங்க ஒருத்தரும் மிஞ்சலைன்னு வாசிச்சேன். எல்லாரும் கத்தியைத் தட்டினீங்க."

எவெலியோதான் வாயைத் திறந்தார், அழாத குறையாக.

"அது சரித்திரம்மா. இது நம்ம நாவல்."

"நின்ன சுவரு ஒண்ணுதானே அண்ணே" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் எவ்வளவு சந்தோஷமாகத் தட்டினேன்! ஒருவரும் மிஞ்சவில்லை என்று அவள் வாசித்தபோது, சுருட்டு முனையை ஒட்டியபடி, பாவம் யாரோ என்று நினைத்தேன். நூற்று இருபத்தாறு பேரில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை கேட்டிருக்கும், "அப்போ லிசார்தோ?" என்று.

கத்தியைக் குனிந்து எடுத்தேன். போட்டவர்தான் எடுக்க வேண்டும் என்பது முறை. என் கத்தியின் விளிம்பில் ஒரு பல் விழுந்திருந்தது. சாயங்காலம்வரை நான் நறுக்கிய இலையெல்லாம் ஓரத்தில் கிழிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எமெரிடா பேப்பர் வாசித்தாள். அவ்வளவு கவனமாக நாங்கள் பேப்பர் கேட்டதே கிடையாது. மழை எச்சரிக்கையைக்கூட இரண்டு தரம் வாசிக்கச் சொன்னோம். பத்து மணிக்குப் பழைய சுருட்டுப் பெட்டியில் சீட்டுகள் விழுந்தன. எவெலியோ எண்ணினார். வேண்டும் என்று நூற்றுப் பதினெட்டு. வேண்டாம் என்று எட்டு. அந்த எட்டில் நானும் ஒருத்தி என்று டிக்னா இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிடுகிறவள், நான் ஏன் அந்த நம்பிக்கையைக் கெடுக்க வேண்டும்?

எமெரிடா நன்றி கூடச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "நேத்து விரல் வெச்ச பக்கம்" என்று தொடங்கினாள். லெயொனோர் மிச்ச அறுபது பக்கமும் தனியாகவே வாழ்ந்தாள். நன்றாகவே வாழ்ந்தாள். மாரேலிஸுக்கு ஜூனில் பையன் பிறந்தான், பெயரை மாற்றவில்லை.

அடுத்த நாவலுக்கு வாக்குப் போடும் நாள் வந்தது. குழு மூன்று புத்தகம் முன்வைத்தது. அதில் ஒன்று எங்கள் நாட்டு விடுதலைப் போர்க் காலத்துக் காதல். கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் எவெலியோவே எழுந்தார்.

"முதல்ல அந்தக் குழந்தை புஸ்தகத்துல இந்தப் போரை வாசிம்மா. யாரெல்லாம் சாவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா மனசைக் குடுக்குறோம்."

எமெரிடா வாசித்தாள். "போர் பத்து வருடம் நடந்தது. குதிரை வீரர்கள் மிகவும் தைரியமானவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பவில்லை." படத்தைக் காட்டினாள். ஒரு குதிரை, மேலே ஆளில்லாமல்.

பிறகு கைகள் எழுந்தன. அந்த நாவலுக்குத்தான், ஒரு கை குறையாமல்.

அன்று மத்தியானமே தொடங்கினோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு குதிரைக்காரன் வந்தான். பெயர் செசாரியோ. ஒரு வீட்டு வாசலில் இறங்கித் தொப்பியைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீர் கேட்டான். எமெரிடா குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். இவன் திரும்பி வரமாட்டான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பல் விழுந்த கத்தியை எடுத்துப் பலகையில் முதலில் தட்டியவள் நான்தான்.