மடத்துவெளியில் விசாரித்தது

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். இணையத்தில் தொடங்கும் காதலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் விசாரிக்காமல் ஒருவரை அறிய முடியாது என்பது என் வாதம்.

அந்த நேரம் பார்த்து, கரம்பொன்னில் இருந்த என் தோழி சுதா, கனடாவிலிருக்கும் ஒருவரை நெட் கபேயில் சாட் பண்ணியே விரும்பிவிட்டாள். அவருடைய ஊர் மடத்துவெளி. நானே பஸ் ஏறி விசாரிக்கப் போனேன்.

அவர் குடும்பம் முன்பு இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா, உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார்.

"தங்கமான பெடியன். ஒரு கெட்ட பழக்கமும் இல்லை."

"கடைசியா எப்ப கண்டனீங்கள், அக்கா?"

"சண்டைக்குள்ள எல்லாரும் இடம்பெயரேக்கதான் பிள்ளை. அப்ப அவனுக்கு ஏழு வயசிருக்கும்."

திரும்பி வந்து சுதாவிடம், "நல்ல பெடியனாம்" என்றேன்.

அவள் சிரித்தாள். "சரியான முன்கோபக்காரரடி. கோபத்தில ஒருக்கா வேலையையும் விட்டவர். அவரே சொன்னவர். அதையும் யோசிச்சுத்தான் நான் ஓம் எண்டனான்."

கட்டுரையை மாற்றாமல்தான் கொடுத்தேன். நல்ல புள்ளிகள் கிடைத்தன. ஆனால் பிறகு என் தங்கைக்குச் சம்பந்தம் பேசி வந்தபோது, ஊரில் விசாரிக்க நான் போகவில்லை.

"அவரிட்ட என்ன குறை எண்டு அவரையே கேள்" என்றேன்.