முகத்தின் மேல் ஈரத்துணி

மருத்துவக் கல்லூரி நூலகத்தின் பழைய படங்கள் பிரிவில் பட்டியல் எழுதுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே மேஜை, அதே பூதக்கண்ணாடி. படத்தில் என்ன இருக்கிறது, எப்படி அமைந்திருக்கிறது என்று எழுதலாம். பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று எழுதக்கூடாது.

கணவர் இறந்து பதினோரு வாரம் ஆகியிருந்தது. பஸ் ஓட்டுநர். உடலைக் கல்லூரிக்கே கொடுத்துவிடும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். "மார்க் பத்தலன்னு அன்னிக்கு வாசல்லயே நிறுத்திட்டாங்க. செத்தாவது மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்துடறேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னபடியே அவள் செய்தாள்.

உடற்கூற்றுக் கூடம் அவள் மேஜைக்கு நேர் கீழே, இரண்டு மாடி இறங்கினால் வரும். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அதை நினைத்தாள். அப்புறம் நினைக்கவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்கு வந்தாள். ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாயைப் போல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் காப்பாளர் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். "கண்காட்சிக்குப் போகுதும்மா. முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஐரோப்பியப் படம், செப்புத்தகட்டுல கோடு கோடாக் கீறி அச்சடிச்சது. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்."

"வேணாம் சார். நானே எழுதறேன்."

மேஜையில் மல்லாந்து கிடக்கும் ஓர் ஆண். மார்பும் வயிறும் திறந்திருந்தன. முகத்தைத் துணி மூடியிருந்தது. அவள் எழுதினாள்: 'ஒளி இடது மேற்புறமிருந்து விழுகிறது. உடல் குறுக்குவாட்டில் கிடக்க, பாதங்கள் பார்ப்பவரை நோக்கி நீள்கின்றன. தசைநார் ஓடும் திசையிலேயே கோடுகள் வளைகின்றன. நிழலில் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிட்டு அடர்கின்றன. திறந்த உடலைவிட முகத்துணிக்கே அதிகக் கோடுகள்.'

அது ஏன் என்று புரியாமல் அங்கே நின்றுபோனாள்.

மறுநாள் மதியம் நாத்தனார் வந்து நின்றாள். தையற்கடைக்காரி, கழுத்தில் அளவு டேப்பைக் கூடக் கழற்றவில்லை. உடலைக் கொடுத்த நாளிலிருந்து அவள் அண்ணியோடு பேசியதில்லை.

"எங்கண்ணனைப் பார்க்கணும்."

"விடமாட்டாங்க. என்னையும்தான்."

"நீங்க இங்கதானே வேலை பார்க்கறீங்க?"

"அது வேற, இது வேற."

"எப்படித்தான் இதே கட்டடத்துல உட்கார்ந்து எழுத முடியுதோ!"

"தெரியல."

நாத்தனார் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் படத்தின் மேல் விழுந்தது. "இதென்ன கண்றாவி?" என்றவள், இரண்டு நிமிஷம் கழித்துப் பூதக்கண்ணாடியைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"துணி ஈரம், அண்ணி."

"எப்படிச் சொல்ற?"

"காஞ்ச துணி மூக்குல இப்படி ஒட்டுமா? ஓரம் எப்படிக் கனமாத் தொங்குது பாருங்க. நல்லா நனைச்சுப் போட்டிருக்காங்க. செத்தவருக்கு எதுக்கு ஈரத்துணி?"

"உடம்பு காஞ்சு போயிடக் கூடாதுன்னு. வேலை முடியற வரைக்கும் நனைச்சுக்கிட்டே இருக்கணும்."

"கீழயும் அப்படித்தானா?"

"அப்படித்தான்."

"தினமுமா?"

"தினமும். அதுக்குன்னு ஒருத்தர் இருக்கார்."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இடது கண்ணில்தான் முதலில் நீர் வந்தது என்பதை இவள் கவனித்தாள். தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

நாத்தனார் போனபின் எழுதினாள்: 'முகத்துணி ஈரமாக உள்ளது. அதன் கனத்தைக் காட்டவே கோடுகள் இங்கே நெருங்குகின்றன.'

"இத்தனை பேர் பார்த்த படம், யாருக்கும் தோணலையே!" என்றார் அதைப் படித்த காப்பாளர்.

"என் நாத்தனார் சொன்னா, சார்."

அழுகை அவளுக்கு அதன்பிறகும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனாரிடமிருந்து போன் வர ஆரம்பித்தது.

"என்ன பண்றீங்க, அண்ணி?"

"ஒண்ணும் பண்ணல."

"சரி, வச்சிடறேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒரு வாரமும் தவறியதில்லை.