வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலில் திருமண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மணமக்களின் பெயரைச் சொல்லி, தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்பார்கள். அத்தையின் பெயர் இரண்டாம் முறை ஒலித்த காலை எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பாவின் தங்கையான அவள், முக்காட்டைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்திருந்தாள். தைராய்டுக் கட்டிக்காகப் பாதிச் சுரப்பியை எடுத்த தையல் அங்கே ஆறிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே கட்டியின் பரிசோதனை முடிவு வந்தது: புற்றுநோய். சனிக்கிழமை அத்தை தனியாகப் போய், தடையைத் தானே தெரிவித்தாள். நோய் திருமணத்துக்குத் தடையாகாது என்று பங்குத்தந்தை எவ்வளவோ சொன்னாராம். “அவுங்க வோணாம்னு சொல்றதுக்குள்ள நானே சொல்லிட்டேன் சாமி” என்றாளாம் இவள். மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. மீதிச் சுரப்பியையும் எடுத்தார்கள். அன்று முதல் தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அவளுக்கு நிச்சயித்திருந்த, துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதர், இப்போது திருவொற்றியூரில் மனைவி மக்களோடு இருக்கிறார்.

இந்த ஆண்டு என் கழுத்திலும் ஒரு கட்டி. முதலில் கண்டவள் அத்தைதான். “இன்னா பொண்ணே, தண்ணி குடிக்கசொல்ல கழுத்துல இன்னாமோ உருளுது? பொஸ்தகத்த மூடிட்டு கண்ணாடியையும் கொஞ்சம் பாரு.”

ஊசிப் பரிசோதனையில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் முன்பு போல அஞ்ச வேண்டியதில்லை என்றார் மருத்துவர். உறைக்குள் முழுதும் அடங்கி, எங்கும் ஊடுருவாத ஒருவகைக் கட்டியை முன்பு புற்றுநோய் என்றே எண்ணினார்கள். அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை என்று கண்டபின் அப்பெயரை நீக்கிவிட்டார்கள். அவை புற்றுநோய்க் கணக்கிலிருந்து விலகியதால், என்னுடையதைப் போன்ற முடிவு புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பும் குறைந்தது. சில மாதம் கழித்து மறுபடி ஊசிப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றார்.

அத்தை பையிலிருந்து தன் பழைய அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் அதை இருமுறை படித்தார்.

“பழைய கட்டியோட ஸ்லைடை மறுபடி பாக்காம உறுதியா சொல்லக் கூடாதும்மா. ஆனா இதுல எழுதியிருக்கறது சரின்னா, இன்னிக்கு இதக் கேன்சர்னு எழுதமாட்டோம்.”

“அப்ப அன்னிக்கு எனுக்கு இருந்தது இன்னா சார்?”

“இதேதாம்மா. பேரு மட்டும்தான் மாறியிருக்கு.”

“கொஞ்சம் சீக்கிரமா மாத்திருக்கலாமே சார்” என்று அத்தை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு வந்த ஆறுதல் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. என் அச்சம் குறைய, கணக்கிலிருந்து நீக்கப்பட்டவர்களில் ஒருத்தி என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, அறிக்கையைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் என் ஆஸ்பத்திரிக் கோப்பு அத்தையின் மடியில் இருந்தது. டோல்கேட்டில் ஏறிய ஒரு பெண், அதைப் பார்த்து, “யாருக்கும்மா ஒடம்பு செரியில்ல?” என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளாக, யார் கேட்டாலும் அத்தை தயங்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான்.

“எனுக்குத்தாம்மா. எனுக்கு கேன்…”

திறந்த வாயோடு பாதியிலேயே நிறுத்தினாள். அந்தப் பெண் மிச்சத்துக்காகக் காத்திருந்தாள். நானும்.