என் புதன்கிழமையைக் காப்பாற்றிய பாட்டு

எங்கள் பள்ளி வேனில் ஒவ்வொரு நாளும் ஒருவருக்குச் சொந்தம். புதன் எனக்கு. சொந்தம் என்றால், அன்று காலை டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்து இருக்கையும், ஸ்டீரியோவில் பென் டிரைவைச் செருகும் உரிமையும். அந்த வாரம் நாம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுகளை வேன் முழுவதும் கேட்டாக வேண்டும்.

ஆண்டை உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. வேன்களில் சிடி போய்ப் பென் டிரைவ் வந்திருந்தது. எல்லார் கையிலும் போன் வந்திருக்கவில்லை. நான் ஆறாம் வகுப்பு. ஓணப் பரீட்சைத் தாள்கள் கைக்கு வந்துவிட்டன. நவராத்திரிப் பூஜைவைப்புக்குப் புத்தகங்களை இன்னும் அடுக்கவில்லை. ஆகவே புரட்டாசி என்று கொள்ளலாம்.

உரிமைக்கு ஒரு ஆபத்தும் உண்டு. மூன்று பேர் சேர்ந்து "மாற்று!" என்று கத்தினால் பென் டிரைவைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்தடுத்து மூன்று வாரம் பிடுங்கப்பட்டால் அந்த நாளே கைமாறிவிடும். என் புதன்கிழமைமேல் கண் வைத்திருந்தவன் கரமனையில் ஏறும் ஒன்பதாம் வகுப்புப் பையன். வெள்ளிக்கிழமை ஏற்கனவே அவனுடையது. அது போதவில்லை.

முதல் வாரம் நான் அப்பாவின் சேகரிப்பிலிருந்து ஒரு கச்சேரியைக் கொண்டுபோனேன். கோட்டைக்குள் எங்கள் தமிழ்த் தெருவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும், ராகத்தை இழுத்து இழுத்து ஆலாபனை செய்த பிறகுதான் பாட்டு வரும் என்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. பாடகர் இன்னும் ஒரு சொல்லைக்கூட உச்சரிக்காத நிலையில் கரமனைப் பையன், "எந்தரடே இது? ஆளுக்கு வயிற்றுவேதனயா?" என்றான். வேன் சிரித்தது. பென் டிரைவ் வெளியே வந்தது.

இரண்டாவது வாரம், எல்லாரிடமும் முன்பே இருந்த சினிமாப் பாட்டுகளைப் போட்டு அதே கதிக்கு ஆளானேன். இறங்கும்போது அவன், "அம்மியாரே, அடுத்த புதனும் போயால் அது எனிக்கு. பாட்டு இல்லெங்கில் பஜனை பாடு" என்றான். எங்கள் தெருவின் தமிழ்ப் பிராமணப் பெண்களை மலையாள ஊரார் அழைக்கும் அந்தப் பெயரை, அவன் தும்மல் போடுவதுபோலச் சொல்வான்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது எங்களோடு இருந்தாள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக்கு வந்தால் காதில் ஹெட்போன். உள்ளே ஸ்லோகம் ஓடுகிறது என்பது அம்மாவின் நம்பிக்கை. அத்தை அதைக் கலைத்ததில்லை. கொலுவுக்கு வந்தவர்கள் பாடச் சொன்னால் பலமுறை கெஞ்ச வேண்டும். பாடினாலும் குரல் கொலுவின் முதல் படியைத் தாண்டாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பலகாரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏண்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கே?"

சொன்னேன். பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்கூல் வேன்ல ஆலாபனையா! உங்கப்பாவே தூங்கிடுவானே, அசடு!" என்றவள், பென் டிரைவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அதை உடனே கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நான் இப்போ கேட்டுண்டிருக்கறதைப் போட்டிருக்கேன். ரெண்டாவது பாட்டை மட்டும் விட்டுடாதே, கேட்டயா? ஆத்துல யார் காதுலயும் விழப்படாது."

புதன்கிழமை மழை. முதல் பாட்டு யாரையும் தொந்தரவு செய்யாமல் கடந்தது. அட்டக்குளங்கரை சிக்னலில் வண்டி நின்றபோது இரண்டாவது தொடங்கியது. டிரம்ஸ் இடித்தது, கிதார் கிறீச்சிட்டது, பிறகு ஒரு பெண். அவள் பாடவில்லை, சண்டை போட்டாள். நெரிசலில் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் நின்றுகொண்டு கண்டக்டரோடும் மழையோடும் மேனேஜரோடும் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிச் சண்டை. ஒவ்வொரு சண்டையின் முடிவிலும், "இறங்கி நட!" என்று ஒரு கூச்சல்.

யாரும் பிடுங்காமலிருக்கப் பென் டிரைவைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"மாற்று!" என்றான் கரமனைப் பையன்.

இன்னும் இரண்டு குரல் வேண்டும். அவன் தன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் தலைகள் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. "மாற்றடே!" என்று மறுபடியும் கத்தினான். அதே நொடியில் பாட்டில் அந்த இடம் வந்தது. பின்னிருக்கை எல்.கே.ஜி. வாண்டு ஒன்று அவனைப் பார்த்துக் கைநீட்டி, "இறங்கி நட!" என்றது.

அதற்குப் பிறகு நடந்ததை மிகைப்படுத்தாமல் எழுத முயல்கிறேன். வேனே கத்தியது. பக்கத்தில் நின்ற ஆட்டோவைப் பார்த்து "இறங்கி நட!", முன்னால் நின்ற அரசுப் பேருந்தைப் பார்த்து "இறங்கி நட!". டிரைவர் அண்ணன் சத்தத்தைக் கூட்டி, ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். சிக்னல் பச்சையானதை நாங்கள் ஹாரன் கேட்டுத்தான் அறிந்தோம். பள்ளி வாசலில் நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை. "ஒண்ணுகூடி இடட்டே?" என்று அண்ணன் கேட்க, இன்னொரு முறை முழுதாக ஓடியது. கரமனைப் பையன் இறங்கும்போது என் பக்கம் பார்க்காமல், "அது ஒண்ணு காப்பி செய்து தருமோ?" என்றான்.

"ஆலோசிக்காம்", அதாவது யோசிக்கலாம், என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான மலையாளத்தை நான் வேறெப்போதும் பேசியதில்லை.

அன்று அத்தை வழக்கத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டாள். நனைந்த குடையைக்கூட மடக்காமல் கேட்டாள்: "என்னாச்சு?"

என் வெற்றியை நான் சொல்லச் சொல்ல அவள் குறுக்கே வந்தாள். ரெண்டாவது பாட்டா? கூட சேர்ந்து பாடினாளா? எல்லாருமா? பொண்ணோட குரலைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையா?

"டிரைவர் அண்ணன்தான், 'ஈ பெண்ணு ஆரு? கிடிலம்!' அப்படீன்னார்."

"எப்படிச் சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

கிடிலம் என்றால் அட்டகாசம். அண்ணனைப் போலவே தலையை ஆட்டிச் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

"நீ என்ன சொன்னே?"

"யாருன்னு தெரியாதுன்னேன்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் நிற்கவில்லை; குடையிலிருந்து தண்ணீர் தெறித்தது. "என்னடி அங்கே?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லேண்ணா!" அந்தக் குரல் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

வெற்றி பெற்றவர்களுக்கு உரிய பெருந்தன்மையோடு, "உனக்கு அவ்வளவு பிடிச்சிருந்தா அடுத்த புதனும் அதையே போடறேன் அத்தை" என்றேன்.

"போடேன்" என்றாள், நான் என்னவோ பெரிதாகத் தானம் கொடுத்துவிட்டதுபோல. ஜெயித்தது என் புதன்கிழமை. அத்தைக்கு அதில் என்ன வந்தது என்று எனக்கு விளங்கவேயில்லை.