விழத் தெரிந்த கன்னியம்மா

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது செல்வியின் போன் வந்தது. கன்னியம்மாவின் ஒரே மகள் அவள். "பாய், அம்மா போய்டுச்சி" என்றாள். காலையில் டீ குடித்திருக்கிறார். நெஞ்சைப் பிசைகிறது என்று சொல்லிப் படுத்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. "சீக்கிரம் வாங்க பாய். தெருவுல ஒரு மாதிரியா இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைச் செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்த அம்மாவாகத்தான் தெரியும். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. லாரி டயரை ஒரு காலால் மிதித்துக்கொண்டு வலது கையிலிருக்கும் கம்பியால் நெம்பிக் கழற்றுவார். எனக்கு அவரை அதற்கும் முன்பே தெரியும். குஸ்தி கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, டிக்கெட் வைத்து, பிரீஸ்டைல் குஸ்தி காட்டிய காலம் அது. அப்படியொரு கம்பெனியில் நான் மைக்கில் அறிவிப்பவன். அவர் கோதாவில் இறங்குகிறவர். நோட்டீஸில் அவர் பெயர் ராணி. சொந்த ஊர் பனமலைப் பக்கம்.

யார் ஜெயிப்பது என்பதைப் பகலிலேயே பேசி முடித்துவிடுவோம். ஜனங்களுக்கும் அது அரைகுறையாகத் தெரியும், தெரிந்துகொண்டேதான் கத்துவார்கள். ராணிக்குப் பாதி நாள் தோற்கிற முறை. விழுவதில் அவருக்கு இணை கிடையாது. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் பலகையில் படுகிற மாதிரி விழுவார். கொட்டகையே அதிரும். அவர் மட்டும் அலுங்காமல் எழுந்து வந்து சோடா குடிப்பார். "ஜெயிக்கறதுக்கு ஒடம்பு போதும் பாய். தோக்கறதுக்குத்தான் மூள வேணும்" என்பார்.

செஞ்சிக்கு வந்தபோது மலை தெரிகிற மைதானத்தில் கொட்டகை போட்டிருந்தோம். ராணியோடு மோத உள்ளூர் ஆண்கள் யாராவது தயாரா என்று மைக்கில் கேட்பது என் வேலை. கூட்டத்தில் சட்டை வேட்டியோடு உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆள் ஒருவர் எழுந்து வருவார், கொஞ்சம் தடுமாறித் தோற்பார். எல்லா ஊரிலும் அப்படித்தான். அன்று எங்கள் ஆள் எழுவதற்குள் முன்வரிசையிலிருந்து வேறொருவர் எழுந்துவிட்டார். ரைஸ்மில் வீட்டு மகன். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊருக்குத் தெரியும், நானும் இந்த ஊரில் இருக்க வேண்டியவன். மில்லுக்காரர் என்றே சொல்கிறேன்.

அவர் குஸ்தி பிடிக்க வரவில்லை. பிடிக்கிற சாக்கில் கையைக் கண்ட இடத்தில் வைத்தார். அவருடைய நண்பர்கள் விசிலடித்தார்கள். ராணி முதலில் விலகினார், மறுபடியும் விலகினார். என் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மில்லுக்காரரின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கீழே போட்டு மார்பின் மேல் முழங்காலை வைத்து உட்கார்ந்துகொண்டார். ரெப்ரி எண்ணி முடித்தார். வழக்கமாக அந்த இடத்தில் கொட்டகை கிழியும். அன்று ஒருவர்கூடக் கை தட்டவில்லை. பின்வரிசையில் யாரோ, "இது எந்த ஊரு பொண்ணு?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. இன்னொருவர் பதில் சொன்னார். அந்தப் பதில் வரிசை வரிசையாக முன்னால் வந்தது. ஊர் பெயரோடு சேர்த்து 'காலனி' என்ற சொல்லும் வந்தது. ஒவ்வொரு தலையாகத் திரும்பி அவரைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை கொட்டகையின் கயிறுகள் அவிழ்க்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட அறுபடவில்லை. எல்லாவற்றையும் முளையிலிருந்து அவிழ்த்து, வட்டமாகச் சுற்றி, அந்தந்த முளையின் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். வெட்டியிருந்தால் போலீசுக்குப் போயிருக்கலாம். பால்காரர் வரவில்லை. டீக்கடையில் எங்களைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்கள் முதலாளி எத்தனையோ ஊரில் கல்லடி பட்டவர்; அன்றுதான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

மதியம் மில்லிலிருந்து ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மோத வேண்டும். ராணி தோற்க வேண்டும். அதற்கு முன் ஊரை விட்டுப் போகக்கூடாது. முதலாளி தலையாட்டினார். ராணியும் ஒத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார். "தோக்கறது எனக்கு இன்னா புதுசா பாய்? எத்தினி ஊர்ல தோத்துருக்கறன். இவன்கிட்ட தோக்கணும்னா மட்டும் ஏன் கை சில்லுன்னு ஆவுது?" என்றார். பெட்டியைக் கட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திண்டிவனம் போய்விடு என்றேன். "நான் போய்டுவேன். நீங்க எல்லாம் இங்கதான இருப்பீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினார்கள். பெண்கள் யாரும் வரவில்லை. ராணி சொன்னபடியே செய்தார். கொஞ்ச நேரம் மோதினார், கால் தடுக்கியது போல விழுந்தார், முதுகு பலகையில் பட்டது. ரெப்ரி எண்ணி முடித்தார். நான் மணியை அடித்தேன். மில்லுக்காரர் விடவில்லை. ராணியின் இடது கையைப் பின்னால் வளைத்து முறுக்கிக்கொண்டே இருந்தார். நான் மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். "முடிஞ்சிடுச்சி, விடுங்க, முடிஞ்சிடுச்சி" என்று மைக்கில் கத்தினேன். தோள் கழன்ற சத்தம் அந்த மைக்கிலும் விழுந்தது. ராணி அலறவில்லை. தலையைத் தூக்கி அவர் காதருகே ஏதோ சொன்னார். சட்டென்று மில்லுக்காரர் கையை விட்டார். எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். கூட்டம் ஓவென்று கத்தியது.

அன்றே கொட்டகையைப் பிரித்துக்கொண்டு கம்பெனி போய்விட்டது. ராணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். செஞ்சிக்காரன் என்பதால் நானும் தங்கிவிட்டேன். பிறகு சவுண்ட் சர்வீஸ் வைத்துப் பிழைத்தேன். கை ஓரளவு கூடியதும் அவரும் ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார், அந்தக் கடைக்காரரையே கட்டிக்கொண்டார். இந்த ஊரிலேயே ஏன் என்று கேட்டதற்கு, "ஓடுனா தேடிக்கினு வருவான் பாய். இங்கயே இருந்தா தெனம் பாத்துக்கினு போவான். கண்ணுல தெரியற பாம்பு பரவால்ல" என்றார். அப்படித்தான் நடந்தது. மில்லுக்காரரின் மோட்டார் சைக்கிள், பிறகு ஜீப், பிறகு கார், சாயங்காலம் அந்தக் கடையைத் தாண்டும்போது மெதுவாகும். நிற்காது. கடையில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த நேரத்தில் பேச்சு நின்றுவிடும். கணவர் இறந்த பிறகும் அது மாறவில்லை.

ஒரே ஒருமுறை நின்றது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் சாலை அடைத்துக் கிடந்த நாள். மில் லாரி பஞ்சராகிக் கன்னியம்மாவின் கடை முன்னால் வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் மில்லுக்காரரே உட்கார்ந்திருந்தார். நான் ஒலிபெருக்கி வண்டிக்குக் காற்றடிக்க வந்திருந்தேன். கன்னியம்மா டயரைக் கழற்றி, ஓட்டைமேல் ரப்பர் பட்டி ஒட்டி மாட்டினார். மில்லுக்காரர் இறங்கி வந்து மிக அருகில் நின்றார்.

"அன்னிக்கி என் காதுல சொன்னத யாருகிட்டனா சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத" என்றார். குரலை உயர்த்தவில்லை. லாரி போன பிறகும் கன்னியம்மா நட்டு முடுக்கும் ஸ்பானரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார். இன்னாம்மா சொன்ன அன்னிக்கி என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதே ஆபத்தான விஷயம்போல் இருந்தது.

சில மாதங்களுக்கு முன் விழுப்புரத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பழைய குஸ்தி கம்பெனிகளைப் பற்றி யூடியூபில் போடுகிறவர்கள். எங்கிருந்தோ ஒரு நோட்டீஸைப் பிடித்து, அதிலிருந்து என்னைப் பிடித்திருந்தார்கள். கன்னியம்மா பேச மாட்டார் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். அவர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னார். எப்படி விழுவது, எப்படி அடிபடாமல் கத்துவது, எங்கள் ஆளைக் கூட்டத்தில் எப்படி உட்கார வைப்போம் என்பதெல்லாம். அவர்கள் செஞ்சியைப் பற்றிக் கேட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார்.

"அந்தாளுக்கு ஜெயிக்கத் தெரியல. ரெப்ரி எண்ணி முடிச்சிட்டாரு, இன்னும் முறுக்கினு கெடக்கறான். அப்பிடியே வுட்டா கையப் பிச்சிடுவான். காதுல சொன்னேன். டேய், குஸ்தி முடிஞ்சிடுச்சி, எழுந்து நின்னு கையத் தூக்கு, ஜனம் பாக்குதுன்னு. உடனே தூக்கிட்டான். நாங்க புதுப் பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கற மாதிரிதான் சொன்னேன்."

அந்த இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கார் ஏன் மெதுவாகப் போனது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மில்லுக்காரர் கை உயர்த்தியது ஜெயித்ததால் அல்ல; காலனிப் பெண் ஒருத்தி 'டேய்' என்று சொல்லிக் கொடுத்ததால்.

வீடியோ ஊர் முழுக்கப் போனது. அடுத்த வாரம் கடையின் ஷட்டரில் அவருடைய பூட்டுக்கு மேல் இன்னொரு புதுப் பூட்டு தொங்கியது. யார் போட்டது என்று யாரும் பார்க்கவில்லையாம். போலீசில் சொல்லலாம் என்றாள் செல்வி. கன்னியம்மா கேட்கவில்லை. வீட்டிலிருந்த ஜாக்கியையும் தண்ணீர்த் தொட்டியையும் கொண்டுவந்து, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார். மில்லுக்காரரின் மகன் எதிர்ப்பக்கம் புல்லட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பல நாள் அப்படியே போனது. ஒரு காலையில் பூட்டு இல்லை. அதையும் யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

இறந்த மறுநாள், சனிக்கிழமை, உடலை எடுத்தார்கள். காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போவதுதான் பழக்கம். மில் தெரு வழியாக நேராகப் போகலாம், ஆனால் பாடையோடு யாரும் அப்படிப் போவதில்லை. செல்வி பாடைக்கு முன்னால் நடந்தாள். மில் தெரு முனையில் அவள் திரும்பியதும் மேளக்காரர்களின் கை தளர்ந்தது. தெருவின் குறுக்கே வண்டிகள் நின்றன. அவற்றுக்குப் பின்னால் மில்லுக்காரரின் மகனும் இன்னும் சிலரும். மேளம் நின்றது.

"ஏரிக்கர வழியா போங்க. எப்பவும் அப்பிடித்தான?" என்றான் அவன்.

"எங்கம்மா தெனம் இந்தத் தெரு வழியாத்தாண்ணே கடைக்குப் போச்சி" என்றாள் செல்வி. அவள் நகரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். பிறகு மில் வீட்டுக் கதவு திறந்தது. மில்லுக்காரர் வந்தார். மெலிந்து, கூன் விழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. "வண்டிய எடுறா" என்றார். மகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிழவர் தானே வந்து ஒரு புல்லட்டின் ஹேண்டிலைப் பிடித்தார். ஸ்டாண்டை எடுக்கத் தெம்பு இல்லை. மூச்சு வாங்க வாங்க உதைத்தார். வண்டி சாய்ந்து விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வண்டியில் கை வைத்தார். அப்போதுதான் பையன்களில் ஒருவன் வந்து மற்றவற்றை ஓரம் தள்ளினான்.

பாடை கடந்தபோது மில்லுக்காரர் அதைப் பார்க்கவில்லை. வந்த வழியே சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது மரியாதையா, பயமா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெருவின் இரு பக்கமும் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மகன் மட்டும் நின்றிருந்தான். செல்போனை எடுத்து, கடந்துபோன எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தான். என் முகத்துக்கு நேராக அதைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தான்.

அதனால் இதை எழுதும்போது எனக்கு நிம்மதியில்லை. கதவுப் பக்கம் சத்தம் கேட்டால் எழுதுவது நிற்கிறது. கன்னியம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது தைரியம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஷட்டர் பூட்டியிருந்த நாட்களில் ஒரு மதியம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே அந்தப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். "பயமா இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "பயமாத்தான் இருக்குது பாய்" என்றார், எதிர்ப்பக்கம் வரைக்கும் கேட்கிற குரலில். "அதுக்கு இன்னா இப்ப? அந்தப் பட்டிய எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அந்தக் குரல் எனக்குப் போதும்.