சரமப் பக்கத்துல ஒட்டுன கவரு

எதுக்குடி உனக்கு இதெல்லாம்? கவர் ஒட்டப் படிக்க வந்தவ கவர் ஒட்டப் படிச்சுட்டுப் போகணும். "அம்மச்சி, அந்த ராகவன் சேட்டன் சங்கதி என்னவாக்கும்"னு கேட்டுட்டு போனையும் எனக்க மூக்குக்கு நேரே பிடிச்சுட்டு நிக்கிய. இதைக் கேட்டுட்டுப் போய் நீ தனியா கொல்லைக்கு எறங்கப் பயந்து பேடிச்சா, உனக்க மாப்பிள நாளைக்கு எனக்க வாசல்ல வந்து நிப்பான். நான் என்ன பதில் சொல்லுகது?

சரி, உங்க குழுவுல உள்ளவளுவளுக்கும் கேக்கணும்ங்கிய. சொல்லுகேன். நடுவுல சிரிச்சியோ, நிப்பாட்டிருவேன். சிரிச்சதுனாலதான் இவ்வளவும் வந்துது.

1. துரிசும் மூணு சட்டமும்

கேரளப் பக்கம் அமரவிளையில ஒரு ஆக்கர் கடை. பழைய பேப்பர், இரும்பு, குப்பி எல்லாம் எடுக்க கடை. அங்க பதினேழு வருசம் சோலி பாத்தேன். நான் ரெண்டாங்கிளாஸ் வரைக்கும்தான் போனேன். தமிழும் மலையாளமும் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ரெண்டும் ஒரே மாதிரி மோசமா வாசிப்பேன்.

மொத நாளு பசை காய்ச்சச் சொன்னாரு முதலாளி சசி. மரச்சீனிக் கெழங்கு மாவைக் கரைச்சு, கட்டி விழாம கிண்டி எறக்கிட்டேன். துரிசு போட மறந்து போச்சு. துரிசுன்னா ரப்பருக்கு அடிக்க அந்த நீலக் கல்லு. காலையில வந்து பாத்தா ஒட்டுன கவர் பூராவும் கரப்பான் தின்னுட்டுப் போயிருக்கு.

சசி கேட்டாரு, "அக்கா, நான் கவர் ஒட்டத்தான சொன்னேன், கரப்பானுக்கு விருந்தா வைக்கச் சொன்னேன்?"

"மொத நாளு இல்லியா முதலாளி, ஆளு பழகட்டும்னு நெனச்சேன்"னேன்.

மனுசன் சிரிக்கல. மூணு சட்டம் சொன்னாரு. துரிசு போடணும். படம் உள்ள பக்கம் வெளிய வரணும், அப்பதான் கடைக்காரனுக்குப் பிடிக்கும். மூணாமத்தது, சரமப் பக்கம் கவர் ஆக்கப்படாது. செத்தவிய போட்டோ போட்டு, இன்ன நாளு சஞ்சயனம்னு அறிவிப்பு வரும் இல்லியா, அந்தப் பக்கம். சஞ்சயனம்னா எரிச்ச பொறவு எலும்பு பெறக்குக சடங்கு. செத்தவன் மொகத்துக்குள்ள கடலையைப் போட்டு ஒருத்தன் திங்கப்படாதுன்னு சசிக்கு ஒரு பேடி. அதையெல்லாம் தனியா ஒரு சாக்குல கட்டி வைப்போம். அந்தச் சாக்கு பக்கத்துல லில்லி இருக்க மாட்டா. லில்லின்னா எனக்கக் கூட ஒட்டுகவ, கடப்புறத்துல, அதான் கடக்கரையில இருந்து கெட்டி வந்தவ. "அக்கா, அந்தச் சாக்குக்குள்ள ஆளு மூச்சு விடுகது மாதிரி கேக்குது"ம்பா. எலியாக்கும்னு நான் சொல்லுவேன். ஆனா நானும் அதுக்கு முதுகு காட்டி இருக்க மாட்டேன்.

2. எச்சா ஒரு சட்டை

சனிக்கிழமை தோறும் குன்னத்துகால்ல இருந்து ஒரு ஆளு வருவாரு. ராகவன்னு பேரு. முன்ன ரப்பர் வெட்டுக்குப் போனவரு, பெஞ்சாதி செத்து ஒத்தைக்கு இருந்தாரு. ஒண்ணும் விக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. ஒரே கேள்விதான்.

"பசு கிணத்துல விழுந்த வார்த்தை உள்ள பழைய பேப்பர் வந்துதா?"

வார்த்தைன்னா சேதி. முன்ன இந்தப் பக்கத்துல ஒருத்தரு அச்சாபீஸ் வச்சு, ஆழ்ச்சைக்கு ஒருக்கா, வாரப் பேப்பரா, நாலு பக்கம் போட்டுட்டு இருந்தாரு. பாதி தமிழு, பாதி மலையாளம். அந்தப் பேப்பரு. அச்சாபீஸ் பூட்டி முப்பது வருசம் இருக்கும்.

"பசுவுக்கு நீரு சொந்தமா?"ன்னு நான் கேப்பேன்.

"பசுவுக்குப் பொறத்த எனக்கு ஒரு காரியம் கெடக்குது அக்கா. கெடச்சா எடுத்து வச்சிரணும். வேற ஆரும் எடுத்துரப்படாது."

எடுத்து வைக்கேன்னு வாக்கு சொன்னேன். அவரு பைக்குள்ள எப்பவும் எச்சா, கூடுதலா ஒரு சட்டை மடிச்சு வச்சிருப்பாரு. நல்ல வெயிலா இருக்கும், அப்பவும் இருக்கும். லில்லி ஒரு நாளு கேட்டா.

"எதுக்கு சேட்டா இந்தச் சட்டை?"

"ஆராவது நனஞ்சு வந்தாலோ?"ன்னாரு.

அவரு போன பொறவு லில்லி குருசு வரஞ்சா. நான் சிரிச்சேன்.

3. பசு

அச்சாபீஸ்காரரு செத்து, பிள்ளைய வீட்டை ஒழிச்சதுல பழைய பேப்பரு ஒரு வண்டி நெறைய நம்ம கடைக்கு வந்துது. பூஞ்சை பிடிச்ச பூப்பல் மணம். கட்டைப் பிரிச்சா வெள்ளி மாதிரிப் பூச்சி ஓடும். மழைக்காலம், தகரக் கூரை, பகல் பன்னெண்டு மணிக்கும் வெளக்குப் போடணும். ஓணத்துக்குக் கடைக்காரம்மாரு கவருக்கு வந்து நிக்கியாவ. கைக்கு ஓய்வில்ல.

நான் எழுத்துக் கூட்டி வாசிக்க, லில்லி ஒட்ட. எப்படிப்பட்ட வார்த்தைகளு தெரியுமா! வெள்ளறடை பக்கத்துல ஒரு கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவுல ஒரு ஆளு கூடுதலா நிக்கியானாம். பெண்ணு வீட்டுக்கும் தெரியாது, மாப்பிள வீட்டுக்கும் தெரியாது. போட்டோ எடுத்தவன் "நான் எண்ணுனப்ப இந்த ஆளு இல்ல"ன்னு சத்தியம் பண்ணுகான்.

"அது தெரியாதாடி? பாயசம் குடிக்க வந்தவனாக்கும். குடிச்சதுக்கு நண்ணியா போட்டோவுக்கும் நிண்ணுட்டுப் போயிருக்கான்"னேன்.

அடுத்த கட்டைப் பிரிச்சேன். ஒரே ஆழ்ச்சைப் பேப்பரு, விக்காம கெட்டி வச்ச ஒரு கட்டு. மொதப் பக்கத்துல பசு. கிணத்துல விழுந்து முங்கிப் போன பசு மூணாம் நாளு காலையில தொழுவத்துல நிண்ணு புல்லு திங்குதாம். பசு மேலு ஒணங்கிக் காஞ்சு கெடக்கு. கழுத்துக் கயிறு மட்டும் சொட்டச் சொட்ட நனஞ்சிருக்காம்.

"கயிறைக் கிணத்துல இருந்து எடுத்தாவ, பசுவைச் சந்தையில இருந்து எடுத்தாவ. வீட்டுக்காரிக்கிட்ட சொல்லப் பேடி"ன்னேன். லில்லி வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பாணியில ராகவன் சேட்டனுக்குக் கொடுத்த வாக்கு மறந்து போச்சு. பசுன்னு நாக்கு சொல்லுது, ஆளு ஓர்மை வரல.

அந்தப் பேப்பருக்குக் கடைசிப் பக்கம் பாதி சரமம். "அக்கா, இது கவர் ஆக்கப்படாது"ன்னா லில்லி.

"முப்பது வருசத்துச் சாவாக்கும். அவியளும் ஓணத்துக்கு ஊரு சுத்திட்டு வரட்டுமே"ன்னேன் நான்.

சசி ஊருல இல்ல. கட்டு முழுசும் ஒட்டினோம். நீங்க இதைக் கேட்டு வச்சுக்கிடுங்க. தாளைக் கிழிச்சு மடக்கும்போது தலைப்பு அடி மடக்குல போகும். தேதி தலைப்புலயாக்கும் கெடக்கும். அதனால தேதி பசைக்குள்ள போச்சு. போட்டோ வெளிய வந்துது. பழைய தாளுன்னு ஆளு கண்டுபிடிக்காதான்னு நீ கேப்ப. எண்ணெ பட்டா எல்லாப் பேப்பருக்கும் ஒரே வயசாக்கும்.

4. புதனாழ்ச்சை

ரெண்டு சனி ராகவன் சேட்டன் வரல. புதனாழ்ச்சை லில்லி ரசவடைக் கவரோட ஓடி வாறா.

"அக்கா, ராகவன் சேட்டன் போயாச்சு! பேப்பர்ல வந்திருக்கு! நாளைக்கு ஒம்பது மணிக்கு சஞ்சயனம்!"

வாங்கிப் பாத்தேன். சின்ன வயசு மொகம். சரமத்துக்கு எப்பவும் சின்ன வயசு போட்டோதான கொடுப்பாவ, அதுனால ஆருக்கும் சந்தேகம் வரல. ஆளு அவரேதான். "குன்னத்துகால் ராகவன் காலமானார். சஞ்சயனம் வியாழன் காலை ஒம்பது மணி." கவரைத் திருப்பி மணந்து பாத்தேன். துரிசு மணம். எனக்கப் பசை. இது நாம ஒட்டுன அந்தப் பழைய கட்டாக்கும்னு லில்லிக்கிட்ட சொன்னேன்.

அப்பதான் பசு ஓர்மை வந்துது. அவரு முப்பது வருசமாத் தேடுன தாளு, நான் சிரிச்சுட்டே கடலைக்கும் மிச்சருக்கும் அனுப்பிட்டேன். கட்டுல ஒண்ணும் மிச்சம் இல்ல. மனுசனையும் ரெண்டாழ்ச்சையாக் காணல. அந்தத் தாளு கெடைக்காமலே போய்ச் சேந்தாரோ? இல்ல, நான்தான் கவரை ஒட்டி ஆளைக் கொன்னுட்டேனோ?

லில்லி கேட்டா, "அக்கா, முப்பது வருசத்துக்கு முன்ன செத்த ஆளா நம்மக்கிட்ட சனிக்கிழமை தோறும் வந்தது?"



5. வியாழனாழ்ச்சை

காலையில நானும் லில்லியும் பஸ்ஸு பிடிச்சுப் போனோம். முற்றத்துல ஏழெட்டுப் பேரு வெள்ள முண்டு உடுத்துட்டு, கையில கவரோட நிக்கியாவ. வெள்ளறடையில இருந்து ராகவன் சேட்டனுக்க மருமகன் ஒருத்தனும் வந்திருந்தான். வீடு தெறந்து கெடக்கு. விளிச்சா பதில் இல்ல. உள்ள அடுப்புல தண்ணி கொதிக்குது. ஆளு இல்லாத வீட்டுல தண்ணி கொதிக்குக சத்தம் கேட்டிருக்கியா? கேக்காண்டாம்.

அப்ப கொல்லையில இருந்து தலையெல்லாம் நனஞ்சு, ஈர முண்டோட ராகவன் சேட்டன் வாறாரு. மருமகன் "எம்மோ"ன்னு வேலி ஏறிச் சாடினான். மத்தவியளும் பொறத்த மாறினாவ. லில்லி எனக்க கையைப் பிடிச்ச பிடியில வளையல் ஒடஞ்சு போச்சு.

"ரெண்டாழ்ச்சை பனி, காய்ச்சலு. இண்ணைக்காக்கும் குளிச்சேன்"ன்னாரு. எல்லாருக்கும் கையில உள்ள கவரைப் பாத்தாரு. "வந்தாச்சா? இருங்க. இது எனக்க ரெண்டாமத்த சஞ்சயனமாக்கும்."

நான் போய்க் காலுல விழாத கொறைதான். "சேட்டா, பசு வந்துது. நான் சிரிச்சுட்டே ஒட்டிட்டேன்"ன்னேன்.

அவரு சத்தம் போடல. இருந்து சொன்னாரு. முப்பது வருசத்துக்கு முன்ன, மழையில பாறசாலையில பஸ்ஸுக்கு நிக்கும்போது ஒருத்தன் சட்டையில்லாம விறச்சுட்டு நிண்ணான். இவருக்க பையில எச்சா ஒரு சட்டை. கொடுத்தாரு. அதுக்கப் பாக்கெட்டுல இவரு பேரும் வீட்டுப் பேரும் எழுதுன ஆசுத்திரிச் சீட்டு. பொறவு இவரு மலைக்குச் சோலிக்குப் போயிட்டாரு. அந்த ஆளு நெய்யாத்துல செத்துக் கெடந்தான். தண்ணியில கெடந்த மொகம் மொகமாவா இருக்கும்? சட்டையும் சீட்டும் பாத்து அண்ணன்காரன் "எனக்கத் தம்பி"ன்னு எரிச்சுட்டான். இவரு திரும்பி வந்த நாளுல முற்றத்துல ஆளுவ நிக்கியாவ. ஆருக்கு என்னன்னு கேட்டாராம். உனக்குத்தான்னு சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழும்பல.

"அவன் கையில ஒரு பேரு பச்சை குத்தியிருந்துதாம். அது பேப்பர்ல வந்துதுன்னு சொன்னாவ. அண்ணன் வெட்கத்துல வீட்டுல உள்ள பேப்பரைத் தீயில போட்டான், கேட்டா ஓர்மை இல்லம்பான். அச்சாபீஸ்காரரு ஒண்ணும் மிச்சமில்லன்னுட்டாரு. வருசத்துக்கு வருசம் கர்க்கடக வாவுக்கு, ஆடி அமாவாசைக்கு, அவனுக்கு எள்ளும் சோறும் வச்சுப் பலி போடுகேன் அக்கா. பேரு சொல்லுக இடத்துல மந்திரம் சொல்லுகவரு எனக்க மொகத்தைப் பாப்பாரு. எனக்கச் சாவை அவன் செத்துட்டான். பேரு கூடத் தெரியாம நான் எப்படிப் போறது?"

எல்லாரும் கவரைத் திருப்பிப் பாத்தாவ. பச்சை குத்துன வார்த்தை உள்ள எடம் எங்க போயிருக்கும்? பசைக்குள்ள. நல்லா ஒட்டுவேன்னு எனக்கு ஒரு பேரு உண்டு. அண்ணைக்கு அது சாபமாப் போச்சு. "வெந்நி இருக்கு, முக்கி எடுத்துப் பாப்போம்"னு நான் எழும்பினேன்.

அப்ப வாசல்ல ஒரு பெண்ணம்பிள்ள நிக்கியா. அறுவது வயசு வரும். தலையில மீன் பாத்திரம். "ராகவன் வீடு இதா?"

"ஆமா, நீ ஆரு?"ன்னேன்.

"நான் மீன் விக்கியவ. வெத்தல வாங்குன கவரைப் பாத்திரத்துல போட்டிருந்தேன். மீன் தண்ணி பட்டு கவரு பிரிஞ்சு போச்சு. எனக்க மக வாசிச்சா."

பிரிஞ்ச தாளை நீட்டினா. நான் எழுத்துக் கூட்டினேன். வலது கையில பச்சை. 'பிலோமி'ன்னு பேரு. அதுக்குக் கீழ ஒரு மீனு.

"பிலோமி நானாக்கும்"ன்னா அவ. "செத்தது ராகவன்னு போட்டிருக்கு. ராகவன் கையில எனக்கப் பேரு எதுக்கு?"

ராகவன் சேட்டன் எழும்பி, ரெண்டு கையையும் திருப்பிக் காட்டினாரு. ஒண்ணும் இல்ல, ரப்பர் கறை மட்டும். "அவனுக்குப் பேரு என்ன?"ன்னு கேட்டாரு. அந்தச் சத்தம் இப்பவும் எனக்குக் காதுல உண்டு.

"சேவியர். எங்கிட்ட சண்டை போட்டு எறங்கிப் போனான். முப்பது வருசமா அந்தச் சவத்தைத் திட்டாம நான் மீன் கழுவுனதில்ல. வேற ஒருத்திக்கூட இருக்கான்னு சொன்னாவ."

"எங்கிட்ட சட்டை வாங்கும்போது எங்கடே போறன்னு கேட்டேன்"ன்னாரு ராகவன் சேட்டன். "'வீட்டுக்கு. வெட்கமா இருக்கு, எண்ணாலும் போறேன்'னான். ஆத்தோரமா நடந்தா கடப்புறம் சேரலாம்னு வழி சொன்னது நானாக்கும்."

பிலோமி மீன் பாத்திரத்தை எறக்கி வச்சா. "வீட்டுக்குன்னா சொன்னான்?"ன்னு திருப்பிக் கேட்டா. "வீட்டுக்குன்னு"ன்னாரு அவரு. பொறவு அவ கண்ணைத் தொடச்சுட்டுச் சொன்னா:

"குருசு வரைக்க ஆளுக்கு முப்பது வருசமா எள்ளும் சோறுமா போட்டீரு? அதான் அவன் ஒருக்காவும் எனக்கச் சொப்பனத்துல வரல. வயிறு நெறஞ்சு கெடந்திருக்கான்."

அழுதுட்டே சிரிச்சாவ ரெண்டு பேரும். போறப்ப அவ அந்தப் பையில உள்ள சட்டையைக் கேட்டு வாங்கிட்டுப் போனா. அவிய சர்ச்சுல அவனுக்கு ஒரு பூசையும் வச்சா. அதுக்கு ராகவன் சேட்டனும் போய், பின்னால நிண்ணாரு.

அதுனால உனக்கக் குழுவுல சொல்லு. துரிசு போடணும். ஒட்டுகதுக்கு முன்ன தாளுக்கு ரெண்டு பக்கமும் வாசிக்கணும். ஒருத்தரு எடுத்து வைக்கச் சொன்னதை மொதல்ல எடுத்து வைக்கணும், சிரிக்கது அதுக்குப் பொறவு.

இன்னொண்ணு இருக்கு. நான் சொல்லாண்டாம்னு நெனச்சேன். அண்ணைக்கு அந்த வீட்டுல எல்லாருக்கும் கட்டன்சாயா போட்டது நானும் லில்லியும். பன்னெண்டு பேரு, பன்னெண்டு கிளாஸ். பிலோமி போன பொறவு கழுவ எடுத்தா பதிமூணு. பதிமூணாமத்த கிளாஸும் குடிச்சுக் காலியாயிருக்கு. அடியில ஆத்து மணலு.

ஊருல வந்ததும் அடுத்த வீட்டுக்காரியெல்லாம் வேலிக்கு வந்துட்டாளுவ. "லில்லி என்னமோ சொல்லுகாளே, உள்ளதா?"ன்னாளுவ.

"நான் ரெண்டாங்கிளாஸோட நிண்ணவளாக்கும். பன்னெண்டுக்கு மேல எனக்கு எண்ணத் தெரியாது"ன்னேன்.