லாக் ஷீட்டின் பின்பக்கத்தில் ஒரு சதி

நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு சுரங்கத்தைத் தகர்க்கப் பென்சிலால் திட்டம் போட்டேன். பேனாவால் போட்டிருக்கலாம். ஆனால் தப்பாகிவிட்டால் அழிக்க வேண்டுமே? சதி செய்யும்போதுகூட நான் முன்ஜாக்கிரதைக்காரன்.

அந்தச் சுரங்கம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. மகள் திருச்சியில் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம், அவளுடைய பழைய கம்ப்யூட்டர் எங்கள் க்வார்ட்டர்ஸ் முன்னறையில் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. தூசி தட்டப்போய்த் திறந்தேன். அதற்குள் யாரோ தோழி கொடுத்த அரதப்பழசான உளவாளி விளையாட்டு ஒன்று இருந்தது. கட்டம் போட்ட கோட்டும் மெல்லிய மீசையுமாக உளவாளியின் முகத்தை ஆரம்பத்தில் ஒரே ஒருமுறை காட்டுவார்கள். அப்புறம் திரையின் அடியில் துப்பாக்கி பிடித்த கை மட்டும்தான். நாம்தான் அவன். சீப்பால் பூட்டைத் திறக்கலாம். பவுடர் டப்பாவை உருட்டிவிட்டால் புகை கிளம்பும். குடையை விரித்தால் மயக்க ஊசி பாயும். வில்லன் மலைக்கடியில் சுரங்கம் வெட்டி உட்கார்ந்துகொண்டு உலகத்துக் கடிகாரங்களை எல்லாம் பத்து நிமிடம் பின்னுக்குத் தள்ளப் பார்க்கிறான். ஷிஃப்டில் உழைப்பவனுக்கு இதைவிடக் கொடிய வில்லன் கிடையாது. எனக்கு மாற்றாக வர வேண்டிய ஆள் பத்து நிமிடம் தாமதித்தாலே எனக்குக் கண் இருட்டும்.

சுடுவதில் எனக்கு ஆர்வமில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அந்தச் சுரங்கத்தில் ஏதாவதொரு குழாய்க்குப் பின்னால் குந்திக்கொண்டு காவலர்கள் பேசுவதைக் கேட்பேன். லீவு கிடைக்கவில்லையாம். பூட்ஸ் கடிக்கிறதாம். மேலே இருப்பவன் நிழலான வாசல் டியூட்டியைத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டானாம். பேச்சு இங்கிலீஷ். பாதிதான் புரியும். மீதியை எங்கள் கேண்டீனில் கேட்டிருக்கிறேன்.

நிஜத்திலும் எனக்கு நெய்வேலிச் சுரங்கத்தில்தான் வேலை. கன்வேயர் கண்ட்ரோல் ரூம். பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு பெல்ட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். எது ஓடுகிறது, எது நின்றது, ஏன் நின்றது என்று மணிக்கொரு தரம் லாக் ஷீட்டில் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக எழுதினேன். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறி வந்ததில், மணி என்ன என்று உடம்பு கேட்பதையே விட்டுவிட்டது. ரசம் கொதிக்கிற வாசனை வந்தால் மத்தியானம் என்று எடுத்துக்கொள்ளும்.

லாக் ஷீட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தப்பாகிக் கழித்துக்கட்டிய பழைய ஷீட்டுகள் டவுன்ஷிப்பில் எல்லா வீட்டுக்கும் வந்துவிடும். முன்பக்கம் பெல்ட்டின் ஆம்பியர், பின்பக்கம் பிள்ளையின் அல்ஜீப்ரா. அலமாரியில் விரிப்போம், கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பார்ப்போம். எங்கள் பிளாக்கில் ஒரு கல்யாணத்துக்குச் சமையல் சாமான் பட்டியலே செக்‌ஷன் முத்திரையோடு கடைக்குப் போனது.

நானும் அப்படியொரு பழைய ஷீட்டின் பின்பக்கத்தில்தான் விளையாட்டின் ஏழாவது கட்டத்தை வரைந்தேன். ஐந்து நாளாக அந்தக் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. வில்லனின் சுரங்கத்திலும் கன்வேயர், கண்ட்ரோல் ரூம் எல்லாம் உண்டு; காவலர் நிற்கும் இடங்களில் பெருக்கல் குறி. எழுதியும் வைத்தேன்: ‘டீ நேரத்தில் ஆள் மாறுவார்கள். அலாரம் கம்பியை அறுக்கவும். குண்டு இங்கே. சாக்கடை வழியாகத் தப்பிக்கவும்.’ வேலை நடுவே யோசிக்கலாம் என்று நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலை ஷிஃப்டுக்குப் போனேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் அன்றைய ஷீட்டையும் நான்காக மடித்து இன்ஜினியர் மேஜைமேல் இருக்கும் தகரப் பெட்டியில் போட வேண்டும். போட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து, ஏழாவது கட்டத்தை ஒருமுறை பார்ப்போம் என்று பையில் இருந்த தாளைப் பிரித்தேன்.

‘பெல்ட் சீராக ஓடியது. குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை.’

அன்றைய ஷீட் என் கையில் இருந்தது. அப்படியானால் பெட்டியில்?

கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தையே சந்தேகமாகப் பார்க்கும் செக்யூரிட்டிக்காரர்கள் கண்முன் வந்தார்கள். அந்தத் தாளின் மறுபக்கத்தில் செக்‌ஷன் முத்திரை இருக்கிறது, என் பெயரும் பழைய கையெழுத்தும் இருக்கின்றன. கைரேகை எடுக்கிற வேலைகூட அவர்களுக்கு இல்லை. சஸ்பென்ஷன், விசாரணை, க்வார்ட்டர்ஸ் காலி. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்குள் நான் ஜெயிலுக்கே போய்விட்டேன். அப்படியே சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறி, வெள்ளாற்றில் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கையில் இருப்பது நிரபராதித் தாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சிவகங்கையிலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு மாறாத என் மனைவி எதிரே வந்து நின்றாள்.

“என்னங்க, கையில கொழுக்கட்டையா பிடிக்கிறீக?”

“க்வார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்.”

“சும்மா கேக்குற கேள்வியா இது? என்ன செஞ்சு தொலைச்சீக?”

சொன்னேன். உளவாளி, வில்லன், கடிகாரம், பெட்டி, எல்லாம். முழுதும் கேட்டுவிட்டு என் முகத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

“குண்டு வைக்கிற மூஞ்சியா இது? பல்லி விழுந்தா கட்டில் மேல ஏறி நிக்கிற ஆளு.”

“விசாரணையில வந்து இதைச் சொல்லுவியா?”

“சொல்றேன். பல்லியையும் கூட்டியாரேன். சாப்பிடுங்க.”

மறுநாள் ஷிஃப்ட் ஆரம்பித்ததும் இன்ஜினியர் அறைக்குப் போனேன். கோயம்புத்தூர்க்காரர், ஓய்வுபெறக் கொஞ்ச நாள்தான் பாக்கி. தகரப் பெட்டி காலியாக இருந்தது.

“ஏனுங்க, வாங்க. உங்களத்தான் கூப்பிடலாம்னு இருந்தனுங்க.”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

“குள்ளஞ்சாவடிப் பக்கம் நல்ல பலாக்கன்னு கெடைக்குமுங்களா? ஊருக்குப் போறப்ப ரெண்டு கொண்டு போலாம்னு.”

கிடைக்கும் என்றேன். நான்கு கேட்டாலும் கிடைக்கும் என்றேன். பலாமரத்தையே வேரோடு பெயர்த்துக்கொண்டு வரவும் அந்த நிமிடம் தயாராக இருந்தேன்.

“சார், நேத்து என் ஷீட்டு...”

“பாத்தாச்சுங்க. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. மேல போயி வந்து ஃபைலுக்கும் போயிருச்சுங்க.”

சொல்லிக்கொண்டே ராத்திரி ஷிஃப்டின் மடித்த ஷீட்டுகளைப் பிரிக்காமலே, மேலே தெரிந்த மூலையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். பலாக்கன்றுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டார்.

ஃபைல் அறை வராந்தாக் கடைசியில். அங்கே வேலை பார்த்தவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர், என் வயதுதான் இருக்கும், காண்ட்ராக்ட். தரையில் உட்கார்ந்து, துளை போடும் கருவியை முழங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

“நேத்து காலை ஷிஃப்ட் ஷீட்டு வேணும்.”

“படம் போட்டதா சார்? இன்னும் குத்தல. இதோ வெச்சிக்கினு இருக்கேன்.”

“பாத்தீங்களா?”

“பாக்காம எப்புடிக் குத்துறது? எது தலை, எது காலுன்னு தெரிய வாணாமா?”

வாங்கிப் பார்த்தேன். படம் வெளியே தெரியும்படி நான் மடித்திருக்கிறேன். ‘குண்டு இங்கே’ என்பதன் பக்கத்தில் இன்ஜினியரின் கையெழுத்து. அதற்கு மேல் இன்னொரு அதிகாரியுடையது. சாக்கடை வழியாகத் தப்பிக்கும் இடத்தில் மூன்றாவது, முத்திரையோடு. என் சதி முறைப்படி மேலிடம் வரை போய் ஒப்புதல் வாங்கித் திரும்பியிருந்தது.

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. சுவரோரம் உத்தரம் வரை ஃபைல்கள். அதில் இருபத்திரண்டு வருஷம் என்னுடையது. ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்று ஏழுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு போடுவேன். தூக்கம் சொக்கிய ஷிஃப்டில்கூட அந்தக் கோட்டை விட்டதில்லை. தப்பித்துவிட்டேன் என்று துள்ள வேண்டிய ஆள், காலை எட்டு மணிக்கு, அந்தத் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒண்ணு கேக்கணும் சார்,” என்றார். “சுத்தியும் ஆளு நிறுத்தி வெச்சிருக்கீங்க. எண்ணிப் பாத்தேன், பதினாலு பேரு. குடிக்கத் தண்ணிக்கு ஒரு எடம் காணோம். ஒண்ணுக்குப் போவ எடம் காணோம். எட்டு மணி நேரம் எப்புடி நிப்பாங்க?”

“அது வெளையாட்டுங்க. வில்லனோட ஆளுங்க.”

“வில்லன் ஆளுன்னா தாவம் எடுக்காதா?”

பையிலிருந்த நிஜ ஷீட்டை எடுத்து நீட்டினேன். “இதை வெச்சுக்கங்க. அந்தப் படத்தைக் குடுத்துருங்க.”

அவர் விரித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். தலையை ஆட்டினார்.

“கையெழுத்து இல்லியே.”

“இதுதான் நிஜம்.”

“இருக்கலாம் சார். கையெழுத்து இல்லாத தாள வெச்சா நாளைக்கு என்னியத்தான் கேப்பாங்க. நீங்க பெர்மனென்ட்டு. நான் காண்ட்ராக்ட்டு. என்னிய வூட்டுக்கு அனுப்ப ஒரு வாய்ச்சொல்லு போதும்.”

நேற்றிலிருந்து நான் நடுங்கிக்கொண்டிருந்தது எதற்கோ, அதற்காக அவர் ஒவ்வொரு நாளும் இப்படி நிதானமாக நடுங்கிக்கொண்டிருக்கிறார். நிஜ ஷீட்டை மறுபடி பையில் வைத்தேன். அதற்கு மூன்று கையெழுத்து வாங்கப் போனால் ஒரே ஷிஃப்டுக்கு இரண்டு ஷீட் எப்படி என்று கேட்பார்கள். கேட்டால் பார்ப்பார்கள். பார்க்காதவரை அந்தப் படத்துக்கு இதைவிடப் பத்திரமான இடம் நெய்வேலியில் இல்லை.

“குத்திருங்க,” என்றேன்.

அவர் குத்தவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கன்வேயருக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் டிரம் வரைந்தேன். குழாயும் வைத்தேன்.

“அங்க வெய்யிலு சார். தண்ணி கொதிக்கும். இப்பிடி ஓரமாப் போடுங்க.”

அழித்துவிட்டு ஓரமாகப் போட்டேன். சாக்கடைக்கு மேலே ஒரு கக்கூஸ், அதற்குக் கதவு. அவர் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக் கருவிக்குள் செருகி முழங்கையால் அமுக்கினார். ஒரு துளை சரியாக ‘குண்டு இங்கே’ மேல் விழுந்தது.

அன்று சாயங்காலம் அதே குழாய்க்குப் பின்னால் போய்க் குந்தினேன். ஏழாவது கட்டத்தைத் தாண்டவில்லை. இரண்டு காவலர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். நிஜ ஷீட்டின் பின்பக்கத்தில் என் மனைவி கோலப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.